ஹம்பியும் ஆனெகுந்தியும்: எங்கே நடப்பது, எங்கே சைக்கிள்

கேள்வி இதுதான்: நான்கைந்து நாள் விடுமுறையில், பாறைக் குன்றுகளும் பழங்காலத்து ஊர்களும் சேர்ந்த ஓரிடத்தைக் காரும் ஆட்டோவும் இல்லாமல் நடந்தும் சைக்கிளிலும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியும், துங்கபத்ரா ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள ஆனெகுந்தியும் அதற்கு ஒத்துவருமா? ஒத்துவரும் என்றால் எந்த வழியில், எந்த வரிசையில்?

நன்றாக ஒத்துவரும். ஆனால் எல்லாவற்றையும் சைக்கிளில் பார்ப்பது, எல்லாவற்றையும் நடந்து பார்ப்பது இரண்டுமே தவறான திட்டம். அங்கே பாறைதான் வழியைத் தீர்மானிக்கிறது. விஜயநகரத்தார் புதிதாக மலையளவு மதில் எழுப்பவில்லை. ஏற்கெனவே நின்றிருந்த குன்றுகளை மதிலாக வைத்துக்கொண்டு, ஒரு குன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்து வாசல் வைத்தார்கள். 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் ஏழு சுற்றுக் கோட்டை என்று எழுதியது இந்த ஏற்பாட்டைத்தான். இன்றைய தார்ச்சாலைகளும் பெரும்பாலும் அந்த இடைவெளிகள் வழியாகவே போகின்றன. அவை சைக்கிளுக்கு உரியவை. ஆற்றங்கரையும் குன்றுச்சியும் காலுக்கு உரியவை. இந்தப் பிரிவை மதித்துத் திட்டமிட்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நடைக்கும் உதவும். யாரோ கொட்டிவிட்டுப் போனது போலவோ நிலநடுக்கத்தில் சரிந்தது போலவோ தெரிந்தாலும், அந்தக் குண்டுக்கற்களில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருவானவை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் அது. பூமிக்கடியில் இருந்தபோதே அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுந்தன. விரிசல் வழியே இறங்கிய நீர் கல்லின் மூலைகளையும் விளிம்புகளையும் முதலில் அரித்தது. கட்டமாக இருந்த கல் உருண்டையானது, சுற்றியிருந்தது சரளை மணலானது. பிறகு மணல் மழையில் கழுவிப் போக, உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே நின்றுவிட்டன. அந்தச் சரளை மணல் இன்றும் பாறைச் சரிவுகளில் மெல்லிய படலமாகக் கிடக்கிறது. ஹம்பியில் வழுக்கி விழுபவர்களில் பலரை வீழ்த்துவது செங்குத்து ஏற்றம் அல்ல, இந்த மணல்தான்.

காலம்: நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை. மார்ச்சிலேயே பகல் வெயில் கடுமை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும், பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை இரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை பசுமை அழகுதான். அப்போது தொல்லை தருவது மழையைவிட அணை. ஹொஸபேட்டேயில் உள்ள துங்கபத்ரா அணை நிரம்பி மதகு திறந்தால், ஹம்பியில் ஒரு தூறல்கூட இல்லாத நாளிலும் ஆறு பொங்கி வரும். ஆற்றங்கரைப் பாதையின் தாழ்ந்த பகுதிகள், புரந்தரதாசர் மண்டபம், கோதண்டராமர் கோயில் முன்புறம் எல்லாம் நீருக்குள் போகும். படகும் பரிசலும் நின்றுவிடும். இந்த மாதங்களில் போவதாக இருந்தால் அணையிலிருந்து நீர் திறந்துவிடுகிறார்களா என்று தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஹம்பி உற்சவத்தின்போது கூட்டமும் சாலைத் தடுப்பும் இருக்கும். அதன் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் முன்பே விசாரித்து அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

ரயில் நிலையம் ஹொஸபேட்டே. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், நகரப் பேருந்து உண்டு. சென்னைப் பக்கமிருந்து குண்டக்கல் வழியாகவும், பெங்களூரிலிருந்து இரவு நேர ஹம்பி எக்ஸ்பிரஸிலும் வரலாம். ஆற்றின் தென்கரையில் ஹம்பியும் கமலாபுரமும் விஜயநகர மாவட்டத்தைச் சேர்ந்தவை. வடகரையில் ஆனெகுந்தி கொப்பள் மாவட்டம், கங்காவதி தாலுகா. அந்தப் பக்கம் பேருந்துகள் கங்காவதியை நோக்கியே ஓடும் என்பதால் இது திரும்பும் வழியைத் தீர்மானிக்கும்.

தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் இரண்டு இரவு தென்கரையில், அடுத்த இரண்டு இரவு ஆனெகுந்தியில். ஒரே இடத்தில் தங்கி இரு கரையையும் பார்க்க நினைத்தால் தினமும் ஆற்றைக் கடக்கும் நேரத்துக்கு அடிமையாவீர்கள். எதிர்க்கரையில் இருந்த விருபாப்புர கத்தே விடுதிகள் 2020இல் இடிக்கப்பட்டுவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அங்கே அறை தேட வேண்டாம்.

முதல் நாள் மாலைக்கு ஹேமகூடம் போதும். விருபாட்சர் கோயிலுக்குத் தெற்கே, சரிவான ஒற்றைப் பாறைத் தளம். கூம்பு வடிவில் படிப்படியாக ஒடுங்கும் கூரையுள்ள சிறு கோயில்களில் சில விஜயநகரத்துக்கும் முந்தையவை. ஒன்றைக் கம்பிலி அரசன் எழுப்பியதாகக் கல்வெட்டு இருக்கிறது. மறுநாள் மலையேற்றத்துக்குக் காலைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பாறையில் நடக்கும் முறையை அங்கேயே சோதித்துப் பாருங்கள். அடிப்பாகம் மென்மையான ரப்பராக, தட்டையாக உள்ள காலணிதான் கிரானைட்டில் பிடிக்கும். ஆழமான பற்கள் கொண்ட மலையேற்றக் காலணி சேற்றுக்கு நல்லது, வழுவழுப்பான பாறையில் தொடும் பரப்பு குறைந்துபோகும். சரிவில் குனிந்து பாறையோடு ஒட்டிப் போகத்தான் உடம்பு சொல்லும். அப்படிச் செய்தால் எடை முன்னால் போய்ப் பாதம் பின்னால் வழுக்கும். முதுகை நிமிர்த்தி, எடை நேராகப் பாதத்தின்மேல் இறங்கும்படி, முழு உள்ளங்காலையும் பதித்து நடக்க வேண்டும். பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் கருப்புக் கோடுகள் மழைநீர் வழியும் தடங்கள். அவற்றில் பாசி படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, பனி ஈரத்திலோ தூறலிலோ சோப்புக்கட்டிதான். வெளிர் நிறமுள்ள சொரசொரப்பான பகுதியில் கால் வையுங்கள். பெரிய பாறையின் மேல்தோல் பலகை பலகையாக உரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். கையால் தட்டினால் வெற்றுச் சத்தம் வந்தால் அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கவோ மிதிக்கவோ கூடாது. கடைசியாக ஒன்று: ஏறுவது எளிது, இறங்குவது கடினம். இறங்கத் தெரியாத இடத்தில் ஏறாதீர்கள். தள்ளாட்டமாக இருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கலாம், காற்சட்டைதான் கிழியும்.

பாறைகளின் விளிம்பில் ஒரே சீராக, தையல் போட்டதுபோல வரிசையாகச் சின்னச் சதுரக் குழிகள் தெரியும். கல்லுடைத்தவர்கள் ஆப்பு இறக்கிய குழிகள் அவை. சில இடங்களில் குழி வெட்டி, பிளக்காமலே விட்டிருக்கிறார்கள். கோயிலுக்கான கல் கோயிலுக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

சைக்கிள் பற்றி. ஹம்பி, கமலாபுரம், ஆனெகுந்தி மூன்றிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் கியர் இல்லாத சாதாரண வண்டி, அல்லது கியர் இருந்தும் வேலை செய்யாத மலைச் சைக்கிள். இரண்டாவதைவிட முதலாவதே மேல், கெடுவதற்கு அதில் குறைவாகத்தான் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் பாருங்கள். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கை அழுத்தித் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். டயரில் உரசினால் பக்கவாட்டுச் சுவர் தேய்ந்து டியூப் வெடிக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கோணல் தெரியும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். வாடகைக் கடைகளில் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அப்படியே ஓட்டினால் 20 கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும்.

அடிக்கடி வரும் தொல்லை பஞ்சர்தான், காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். சாலையோரம், வயல் வரப்பு, மண்டபங்களைச் சுற்றி எங்கும் வெட்டிப்போட்ட கிளைகள் கிடக்கும். நிழலுக்காக வண்டியை மரத்தடிக்குத் தள்ளும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் முள் ஏறும். கையில் இருக்க வேண்டியவை: பம்பு, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் நெம்பி, அந்த அளவு டியூப் ஒன்று. பழைய வகை வண்டியென்றால் அந்தச் சின்ன ரப்பர் வால்வ் டியூபும் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அது இற்றுப்போய்க் காற்று இறங்கும், பஞ்சர் என்று நினைத்து டயரையே கழற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். பம்பின் வாயும் வால்வும் பொருந்துகின்றனவா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். பழைய வண்டிக்கும் மலைச் சைக்கிளுக்கும் வால்வ் வேறு.

பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. செயின் இல்லாத பக்கமாக வண்டியைச் சாய்த்து வைத்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி வெளியே எடுத்து, டியூபை இழுத்துக் கொஞ்சம் காற்றடியுங்கள். ஓட்டை காதில் கேட்கும், அல்லது தண்ணீரில் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாகச் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போகும்வரை மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அரை மணியில் பெயர்ந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவி முள்ளைத் தேடுங்கள். இதை விட்டுவிட்டால் அதே இடத்தில் மறுபடி குத்தும். ஒரு முள்ளை எடுத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள், பெரும்பாலும் இரண்டாவது ஒன்று இருக்கும். சொந்த வண்டி கொண்டுவருபவர்கள் டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு வந்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

இரண்டாம் நாள் சைக்கிள் நாள். விட்டலர் கோயில், தாமரை மகால் இருக்கும் ஜெனானா (அந்தப்புர) வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், அது அன்றைக்கு மட்டும்தான் செல்லும். அதனால் மூன்றையும் ஒரே நாளில் அடக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பதால் இந்த நாள் வெள்ளியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹம்பிக்குப் பக்கத்தில் இருப்பதால் பலரும் அரண்மனைப் பகுதியைக் காலையில் பார்த்துவிட்டு விட்டலர் கோயிலுக்கு மதியத்துக்கு மேல் போகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். விடிந்ததும் கிளம்பிக் கமலாபுரம் வழியாகச் சுற்றி, கதவு திறக்கும் நேரத்துக்கு விட்டலர் கோயிலில் இருங்கள். கிழக்கு நோக்கிய கோயில், காலை வெளிச்சம் கல் தேர்மேல் நேராக விழும், சுற்றுலாப் பேருந்துகளும் அப்போது வந்திருக்காது. வண்டியைக் கெஜ்ஜல மண்டபத்தருகே பூட்டிவிட்டுக் கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்து போங்கள். மின்வண்டி ஓடுகிறது, ஆனால் அதில் போனால் பழைய தேர்வீதி, குதிரைச் சிற்பத் தூண்கள் உள்ள மண்டபம், வீதியோரத் தெப்பக்குளம் மூன்றும் தூசிக்குள் ஓடி மறையும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் திருமங்கையாழ்வாருக்கும் தனிக் கோயில் இருக்கிறது. ஆழ்வாரைத் தேடி வருபவர்கள் குறைவு, அமைதியாக இருக்கும். இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதி இல்லை.

பத்தரை, பதினொன்றுக்குள் திரும்பிக் கமலாபுரம் நோக்கி வாருங்கள். வழியில் மால்யவந்த மலை, மேலே ரகுநாதர் கோயில். சாலை ஏற்றம்தான், ஆனால் மண்டபத்தில் நிழலும் காற்றும் உண்டு. உச்சிவெயில் நேரத்தைக் கமலாபுரத்தில் சாப்பாட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்குங்கள். அதன் முற்றத்தில் குன்று, ஆறு, மதில், கோயில் எல்லாம் சேர்த்து மொத்த நிலப்பரப்பின் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் முன் கால் மணி நேரம் நின்றால் மறுநாள் நடக்கப்போகும் பாதை மனதில் பதியும். கைபேசி வரைபடம் தட்டையானது, ஹம்பியில் இரண்டு இடங்களுக்கு நடுவே குன்று நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்று மணிக்குமேல் அரண்மனைப் பகுதி. ராணி நீராடுமிடம், மகாநவமி மேடை, அதன் பக்கத்தில் 1980களின் அகழாய்வில் வெளிப்பட்ட படிக்கிணறு, அதற்கு நீர் கொண்டுவந்த கல் வாய்க்கால், ஹஸார ராமர் கோயில், 11 அறைகள் கொண்ட யானைக் கொட்டில். இதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லும். படிக்கிணற்றில் கவனிக்க ஒன்று: கருங்கற்களில் எண்ணும் குறியும் வெட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எந்த வரிசையில் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே திட்டமிட்டுச் செதுக்கி, இங்கே கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள். ஜெனானா வளாகம் மாலையில் மூடிவிடும் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

நேரம் இருந்தால், கம்பிலி சாலையில் கணகித்தி சமணக் கோயிலும் அதையடுத்து பீமன் வாசலும். பெயர்பெற்ற இடங்களைவிட இந்த வாசலுக்கு அதிக நேரம் கொடுக்கலாம். நேராக உள்ளே வர முடியாதபடி இரண்டு முறை திரும்ப வைக்கும் அமைப்பு. யானையும் குதிரையும் ஓடிவந்து கதவை மோத முடியாது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். அந்தச் சமணக் கோயிலை 1385இல் எழுப்பியவர் தளபதி இருகப்பர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் சங்கீத மண்டபம் கட்டியவரும் இவரே, இரண்டே ஆண்டு இடைவெளியில்.

திரும்பும் வழியில் நரசிம்மர் சிலை, 6.7 மீட்டர் உயரம், ஒரே கல், 1528. பக்கத்தில் கிருஷ்ணர் கோயில், கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்றபின் கட்டியது. அங்கிருந்து கொண்டுவந்து வைத்த பாலகிருஷ்ணர் சிலையைப் பார்க்க ஹம்பிக்கு வர வேண்டியதில்லை, அது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த இடத்திலிருந்து ஹம்பிக் கடைவீதிக்கு இறக்கம். காலையில் பிரேக்கைச் சோதிக்கச் சொன்னது இதற்காகவும்தான். மொத்தத் தூரம் சுற்றுவழிகள் சேர்த்து 25 கிலோமீட்டர்போல வரும். தூரம் பெரிதல்ல, வெயில்தான் பெரிது.

மூன்றாம் நாள் நடை நாள். தோள்பையோடு கிளம்பி ஆனெகுந்தியில் போய்த் தங்குவதால் பை 6 கிலோவுக்குமேல் வேண்டாம். கடைவீதியின் கிழக்குக் கோடியில் பெரிய ஒற்றைக்கல் நந்தி இருக்கிறது. அதன் பின்னால் ஏறும் பழைய படிவழி அச்சுதராயர் கோயில் பக்கம் போகும், அதிலிருந்து பிரியும் படிகள் மாதங்க மலைக்கு. உச்சியில் வீரபத்திரர் கோயில். சூரிய உதயம் பார்க்க இருட்டில் ஏறுபவர்கள் உண்டு. இரண்டு மூன்று பேராக, தலைவிளக்கோடு போங்கள், தனியாக வேண்டாம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில இடங்களில் படியே இல்லாமல் பாறை மட்டும்தான். உச்சியிலிருந்து பார்த்தால் நகரத்தின் கணக்கு விளங்கும்: வடக்கே ஆறும் கோயில்களும், தெற்கே அரண்மனை, நடுவே வாழையும் கரும்பும் நெல்லுமாக ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் அழிந்தது, ஆனால் அந்த வயலுக்கு நீர் தரும் விஜயநகரக் கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன.

இறங்கி அச்சுதராயர் கோயிலைப் பார்த்துவிட்டு, அதன் முன்னுள்ள நீண்ட, ஆளரவமற்ற வீதி வழியாக வடக்கே நடந்தால் ஆற்றங்கரைப் பாதையில் சேரும். அங்கிருந்து கிழக்கே, சுக்ரீவன் குகை, துலாபாரக் கல்வளைவு வழியாக விட்டலர் கோயில் வரை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். பாறைகளுக்கு நடுவே குனிந்து போகும் இடம் உண்டு, பழைய கல்தளமும் உண்டு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இதில் வருபவர்களைப் பார்க்கலாம். பாதி தூரம் வண்டி அவர்கள்மேல் ஏறி வருகிறது.

விட்டலர் கோயிலிலிருந்து தளாரிகட்டா துறை இன்னும் ஒரு கிலோமீட்டர் அளவு. ஆற்றைக் கடப்பது படகில். இங்கே கட்டிக்கொண்டிருந்த பாலம் 2009இல் இடிந்து விழுந்தது. படகில் சைக்கிளும் ஏற்றுவார்கள், பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். நீர் அதிகமாகிப் படகு நின்ற நாளில் புக்கசாகரம் சென்று கடேபாகிலு பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். ஹம்பியிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் குறையாது, அன்று ஆட்டோதான் வழி. பரிசலில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை கேளுங்கள். சும்மா சுற்றிக் காட்டுகிறேன் என்று பரிசலைச் சுழற்றுவதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனெகுந்திதான் இந்தப் பயணத்தின் உண்மையான பழைய ஊர். ஹம்பிக் கடைவீதியில் மண்டபங்களில் குடியிருந்தவர்களை 2011இல் வெளியேற்றிவிட்டார்கள், அது இப்போது வெறும் நினைவுச்சின்னம். ஆனெகுந்தியில் கோட்டைக்குள் ஊர் இன்னும் வாழ்கிறது. துறையிலிருந்து ஏறும் வழி பழைய கோட்டை வாசலுக்குள்ளேயே போகும். சதுக்கத்தில் ககன் மகால், அருகே அரங்கநாதர் கோயில், சுற்றி மண்சுவரும் மரத்தூணும் திண்ணையுமாக வீடுகள். விஜயநகரம் 1336இல் தொடங்கியதாகச் சொல்வது மரபு. அதற்கு முன்பே இங்கே கோட்டை இருந்தது. ஊருக்கு வெளியே ஹுச்சப்பய்யர் மடத்தில் கடைந்தெடுத்த கருங்கல் தூண்களும் கூரை ஓவியங்களும் பார்க்கத் தக்கவை. ஆற்றுத் திட்டில் நவபிருந்தாவனம், கிருஷ்ணதேவராயர் மதித்த வியாசராயர் உட்பட ஒன்பது மாத்வ குருமார்களின் சமாதி. அங்கே சுற்றுலாப் பயணியாக அல்லாமல், வழிபடுமிடம் என்ற எண்ணத்தோடு போங்கள். இந்த ஊருக்குள் சைக்கிள் தேவையே இல்லை, ஒரு மதியமும் மாலையும் நடக்கப் போதும். வீட்டு வாசலைப் படமெடுக்கும் முன் கேட்டுவிடுவது முறை. வாழைநாரில் பை, கயிறு, பாய் முடையும் வேலையும் இங்கே நடக்கிறது.

நான்காம் நாள் மறுபடி சைக்கிள், வடகரையில் மேற்கே. பம்பா சரோவரம், அஞ்சனாத்ரி, ஹனுமனஹள்ளி, சாணாபுர ஏரி என்று ஒரே சாலையில் வரிசையாக வரும். போய்வர 15 முதல் 20 கிலோமீட்டர். ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் பாறைக்குன்று. இந்த வட்டாரத்தின் மிக அழகான சைக்கிள் சாலை இதுதான். அஞ்சனாத்ரிக்கு சுமார் 575 படிகள், ஏழு மணிக்கு முன் ஏறினால் வெயிலும் கூட்டமும் இல்லை. சனிக்கிழமையும் அனுமன் ஜெயந்தியும் தவிர்க்க வேண்டியவை. கையில் வாழைப்பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் குரங்கு பறிக்கும், தேங்காயைப் பைக்குள் வையுங்கள்.

சாணாபுர ஏரி பழைய ஏரி அல்ல, துங்கபத்ரா இடதுகரைக் கால்வாயோடு சேர்ந்த நவீன நீர்த்தேக்கம். அழகாக இருக்கிறது, குளிக்க மட்டும் வேண்டாம். ஆற்றுப் பக்கமும் அப்படியே: கிரானைட் இடுக்குகளுக்குள் நீர் வேகமாக இழுக்கும், மேலே அமைதியாகத் தெரியும். பாறையிலிருந்து குதித்து இறந்தவர்கள் உண்டு.

ஆனெகுந்திக்கு மேற்கே ஒனகெ கிண்டி என்னும் இடத்தில் இரு குன்றுகளுக்கு நடுவே மதிலும், பக்கத்துப் பாறைகளில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்களும் இருக்கின்றன. வயல் வரப்பில் நடந்து, பிறகு புதருக்குள் ஏற வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் போனால் நேரம்தான் வீணாகும். கூடவே வேறொரு காரணமும் உண்டு: ஆனெகுந்திக் குன்றுகளில் சிறுத்தையும் கரடியும் நடமாடுகின்றன, சிறுத்தை மனிதரைத் தாக்கியதும் உண்டு. வெயில் வந்தபின் நுழைந்து, ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். பாறைக் குடைவுகளின் அடியில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். கீழே புகை, வாசனைத் தெளிப்பான், கூச்சல் எதுவும் கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுவதுதான் ஒரே வழி. இரவில் கால்வாய்க்கரையில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பதைத் தங்குமிடத்து மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கணக்கு வையுங்கள், 2 லிட்டர் எப்போதும் பையில். ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பாதி பொட்டலத்தைச் சின்ன பாட்டிலில் கரைத்தால் அளவு தவறிவிடும். ஆற்றங்கரைப் பாதையிலும் அரண்மனைப் பகுதிக்குள்ளும் கடை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். வேகத்தைக் கணக்கிடும்போது சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர், பாறைப் பாதையில் நடைக்கு மணிக்கு 2 கிலோமீட்டர் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

ஐந்தாவது நாள் மிஞ்சினால் ஹிரேபெணகல். கங்காவதியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், அங்கிருந்து குன்றின்மேல் நடை. மேலே கல்பலகைகளால் அமைத்த நூற்றுக்கணக்கான பெருங்கற்காலக் கல்லறைகள், சில ஆளுயரத்துக்குமேல் நிற்கின்றன. விஜயநகரத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்தைய கைகள் இதே கிரானைட்டைப் பிளந்திருக்கின்றன. நிழலே கிடையாது, வழிகாட்டிப் பலகையும் போதாது, கிராமத்தில் ஆள் சொல்லி அழைத்துக்கொண்டு காலை ஏழுக்கு ஏறிப் பத்தரைக்குள் இறங்குங்கள். இதற்கு ஆனெகுந்தியிலிருந்து சைக்கிள் வேண்டாம். காலைப் பேருந்தில் கங்காவதி போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போதும். பையையும் கையோடு கொண்டுபோய்விட்டால் கங்காவதியிலிருந்தே ஹொஸபேட்டேக்குப் பேருந்து ஏறி இரவு ரயிலைப் பிடித்துவிடலாம்.